போட்டுக்கொடுப்பதா, கதைத்துப் பார்ப்பதா?

"மச்சான், அந்தக் காசை உன்ர எக்கவுண்டில போடச் சொல்லட்டே?"

போன வருட வைகாசியில் ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டபத்துக்கு வெளியே நின்று நண்பன் இப்படிக் கேட்டான். லண்டனில் இருபது வருடப் பழக்கம். பகலில் பெற்றோல் செட்டில் பதிவான வேலை. சம்பளம் போதாததால் யூனிவேர்சல் கிரெடிற்றும் வருகிறது, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம். இதில் பிழை ஒன்றுமில்லை. வெள்ளி, சனி இரவுகளில் ஒன்றுவிட்ட அண்ணனின் கடையில் கல்லாவில் நிற்பான். இரண்டு இரவும் சேர்த்துப் பத்து மணித்தியாலம், 80 பவுண், கையில் காசு. அந்த 80 பவுண் எங்குமே எழுதப்படவில்லை. பதினான்கு மாதமாக இப்படி. இனிக் கல்லாவிலிருந்து காசெடுத்துக் கொடுக்க முடியாது, வங்கியால்தான் அனுப்பலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். அவனுடைய கணக்கில் விழுந்தால் தெரிந்துவிடும், அதற்குத்தான் என் கணக்கு.

அன்றிரவு எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: பேசாமல் இருந்துவிடுவது, அரசாங்கத்துக்கு அறிவிப்பது, அவனைக் கொண்டே சொல்லவைப்பது. நான் மூன்றாவதற்குப் போனேன். ஆகவே இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

பேசாமல் இருப்பதைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. ஒருவர் உதவிப்பணத்தில் ஏமாற்றுகிறார் என்று தெரிந்தும் அறிவிக்காமல் இருப்பது இந்த நாட்டில் குற்றமில்லை. எங்கள் ஆக்களில் அநேகர் செய்வதும் அதுதான். நானும் ஒரு வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். ஆனால் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் அந்த நிமிடமே நான் பார்த்துக்கொண்டிருப்பவன் இல்லை, உடந்தை. கணக்குத் தர மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். வேறு ஒருவனைப் பிடித்திருப்பான், அவ்வளவுதான்.

அறிவிப்பது மிகச் சுலபம். அரசாங்கத் தளத்தில் படிவம் இருக்கிறது, தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. யாரைப் பற்றி, எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று எழுத வேண்டும். நம் பெயரைப் போட வேண்டியதில்லை. ஊரில் மொட்டைக்கடிதம் எழுதத் தபால் முத்திரையாவது தேவைப்பட்டது. இங்கே அதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், ஒரு இரவு அந்தப் படிவத்தைத் திறந்து பாதி நிரப்பினேன். அதற்கு நியாயமும் இருந்தது. 2023-24இல் பிரித்தானியாவில் தகுதிக்கு மேல் கொடுபட்ட உதவிப்பணம் ஏறத்தாழ 970 கோடி பவுண்; தவறுதலாகப் போனதும் அதில் உண்டு, பெரும்பகுதி மோசடி. என் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் அதற்குள்தான் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறார். கையில் வாங்கும் 20 பவுணைக்கூடப் பதிந்துவிட்டுத்தான் படுப்பார். அவரை நினைத்தால் நண்பன் மேல் கோபம் வந்தது.

ஆனாலும் விரல் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் எண்பதுகளின் கடைசியில் வளர்ந்தவர்களுக்குத் தலையாட்டி யார் என்று சொல்லத் தேவையில்லை. இராணுவம் ஊரையே வரிசையில் நிறுத்தும், முன்னால் ஒரு ஆள்காட்டி. சாக்கால் மூடிய முகம், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தத் தலை ஆடினால் வரிசையில் நின்றவன் வீட்டுக்கு வரமாட்டான். ஒரு உதவிப்பண அலுவலகத்தை இராணுவ முகாமோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் காட்டிக்கொடுத்தல் என்ற சொல் எங்கள் வாயில் சாதாரணமாக வருவதில்லை.

உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் படிவத்தில் இரண்டு சிக்கல். முதலாவது, பெயர் போடாவிட்டாலும் என் பெயர் அதற்குள் இருக்கும். வெள்ளி, சனி, இன்ன கடை, இவ்வளவு காசு என்பது தெரிந்தவர்கள் அவனைத் தவிர மூன்று பேர்: அண்ணன், அவன் மனைவி, நான். விசாரணையில் அந்த விவரங்களைக் கேட்ட அடுத்த நொடியே அவன் கண்டுபிடித்துவிடுவான்.

இரண்டாவது, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எவ்வளவு தெரியும்? பிப் எனப்படும் இயலாமைக் கொடுப்பனவு வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. அதை வாங்கிக்கொண்டு முழுநேர வேலை செய்யலாம். "பிப் எடுக்கிறான், காலையில பாத்தா வேலைக்குப் போறான்" என்று புறணி பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. பராமரிப்பாளர் கொடுப்பனவின் கதை வேறு: 2024இல் வாரச் சம்பளம் 151 பவுணை ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வாரத்து 81.90 பவுண் முழுவதும் போய்விடும். அப்படித் தெரியாமல் ஆயிரக்கணக்கில் கடன்பட்டு நின்றவர்களின் கதை அந்த வருடம் பத்திரிகைகளில் வந்தது. என் நண்பனின் விஷயத்தில் அவனே வாயால் சொன்னான், ஆகவே சந்தேகமில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய ஊகத்தில் படிவம் நிரப்ப நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

சரி, இவை எல்லாவற்றையும்விட என்னைத் திருப்பியது ஒரே ஒரு விஷயம்: தானாகச் சொன்னவனுக்கும் பிடிபட்டவனுக்கும் உள்ள தூரம். ஒரு ஞாயிறு முழுக்க அதைத்தான் கணக்குப் பார்த்தேன்.

யூனிவேர்சல் கிரெடிற்றில் விதிவிலக்குத் தொகைக்கு (வெட்டு விழாமல் உழைக்கக்கூடிய தொகைக்கு) மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். அவனுடைய பகல் சம்பளமே அந்தத் தொகையைத் தாண்டிவிட்டது. ஆகவே இரவு வேலையில் வரும் மாதம் 350 பவுணைச் சொல்லியிருந்தால் 192.50 குறைந்திருக்கும், மீதி 157.50 அவனுக்கே. அவன் நினைத்திருந்தது அப்படியல்ல, சொன்னால் முழுவதும் போய்விடும் என்று. பழைய வேலையற்றோர் கொடுப்பனவுக் காலத்தில் தனியாளுக்கு வாரம் 5 பவுணுக்கு மேல் உழைத்தால் பவுணுக்குப் பவுண் வெட்டினார்கள். அந்தக் காலத்து அறிவுரையை அண்ணன் இவனுக்குக் கொடுத்திருக்கிறார்.

பதினான்கு மாதத்தில் கூடுதலாக வாங்கியது 2,695 பவுண். எப்படித் தெரியவந்தாலும் இதைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். வித்தியாசம் அதற்கு மேலே வருவதில் இருக்கிறது. பிடிபட்டால், நீங்கள் சொல்வது சாட்சியமாகும் என்று எச்சரித்து ஒலிப்பதிவு செய்யும் விசாரணை. அதற்குப் பிறகு நீதிமன்றம், அல்லது அதற்குப் பதிலாக, கூடுதலாக வாங்கிய தொகையில் பாதி தண்டப்பணம். குறைந்தது 350, கூடியது 5,000 பவுண். இவனுக்கு ஏறத்தாழ 1,350 வரும். அதோடு சில கிழமைகளுக்கு உதவிப்பணத்தில் வெட்டும் விழலாம். நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ந்தால் அது பதிவில் ஏறும். அவன் நிரந்தர வதிவிட உரிமையோடு இருப்பவன், அடுத்த வருடம் குடியுரிமைக்குப் போட இருக்கிறான். அந்த விண்ணப்பத்தில் நன்னடத்தையைப் பார்ப்பார்கள்.

யாரும் கேட்க முன்னர் தானாகச் சொன்னால் மன்னிப்பு உறுதி என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இதை நான் மறைக்கக்கூடாது, அவனிடமும் மறைக்கவில்லை. ஆனால் அவனுடையதைப் போன்ற தொகையில், திருப்பிக் கட்டுவதோடும் 50 பவுண் சிறு தண்டத்தோடும் முடிய வாய்ப்பு அதிகம். நான் படிவத்தை அனுப்பியிருந்தால் அந்த வாய்ப்பை அவனிடமிருந்து நானே பறித்திருப்பேன். அனுப்பிய படிவத்தை மீட்க முடியாது. என்ன ஆனது என்று நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். கதைத்துப் பார்த்துச் சரிவராவிட்டால் பிறகும் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டுப் பிறகு கதைக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிந்தது. பத்து மணித்தியாலத்துக்கு 80 என்றால் மணிக்கு 8 பவுண். 2025 சித்திரையில் சட்டப்படி குறைந்த கூலி 12.21 ஆகியிருந்தது. வாரம் 42 பவுண் அண்ணன் மிச்சம் பிடித்தார், மாதத்துக்கு 182. அரசாங்கம் இழந்ததும் ஏறத்தாழ அதே தொகைதான். உதவிப்பணப் படிவத்தில் மாட்டுவது நண்பன் பெயர்தான். அண்ணனைப் பற்றி வரித் திணைக்களத்துக்கு எழுத வேறு படிவம் எடுக்க வேண்டும். அதை யாரும் எடுப்பதில்லை.

கதைத்த நாள் அழகாகப் போகவில்லை. என் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கணக்கெழுதிய தாளை முன்னால் வைத்தேன்.

"நீ என்னை வெருட்டுறியோ?"

"இல்லையடா. கணக்குச் சொல்லுறன்."

"எல்லாரும்தான் செய்யினம்."

"எல்லாரையும் எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும்."

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனான். தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைக் கண்டேன். ஐந்து கிழமை அழைப்பு இல்லை. இந்த வழியின் விலை இதுதான். பெயரில்லாமல் அறிவித்திருந்தால், அவன் கண்டுபிடிக்கும் வரைக்குமாவது, நான் நல்ல நண்பனாகவே இருந்திருப்பேன்.

எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்ல என் அனுபவம் போதாது. ஒரு நண்பன், ஒரு தடவை. தானே பயந்துகொண்டிருந்தவன் என்பதால் சரிவந்திருக்கலாம். 2024இல் வூட் கிரீன் நீதிமன்றத்தில் பல்கேரியாவைச் சேர்ந்த ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஆயிரக்கணக்கான பொய் விண்ணப்பங்களால் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பவுணைச் சுருட்டியவர்கள். அப்படி ஒரு கூட்டத்தில் என் நண்பன் இருந்திருந்தால் தேத்தண்ணி வைத்துக் கதைத்திருக்க மாட்டேன், படிவத்தை முழுதாக நிரப்பியிருப்பேன். வேறொருவரின் பெயரில் காசெடுப்பவன், பெண்ணை மிரட்டி அவள் உதவிப்பணத்தைப் பிடுங்குபவன் ஆகியோருக்கும் இதேதான். நடுவில் இருக்கிறவர்கள் பற்றித்தான் தெளிவில்லை. ஊரில் தன் பெயரில் எழுதிய காணியைச் சொல்லாமல் விட்டவர், சீட்டெடுத்த காசால் சேமிப்பு உதவிப்பணத்துக்கான எல்லையான 16,000 பவுணைத் தாண்டியும் பேசாமல் இருப்பவர் போன்றவர்கள். அவர்களோடும் முதலில் கதைப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் செய்து பார்த்ததில்லை.

ஆறாவது கிழமை அவனே வந்தான். அதற்கிடையில் சிற்றிசன்ஸ் அட்வைஸில் போய்க் கேட்டிருக்கிறான். காசில்லாத ஆலோசனை, வெளியே சொல்லமாட்டார்கள். நான் செய்த ஒரே பிழை அதை முதல் நாளே அவனுக்குச் சொல்லாதது. மகளுக்குத் தெரியக்கூடாது என்று தன் வீட்டில் வைத்து எழுதவில்லை. அதே குசினியில் கதவைச் சாத்திவிட்டு, அவனுடைய ஜேர்னலில் (உதவிப்பண அலுவலகத்துக்கு இணையத்தில் செய்தி எழுதும் பக்கத்தில்) அவன் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன்.

"மறந்துபோனன் எண்டு போடலாமோ?"

நான் அடிக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. சொல்லேல்லை எண்டு போடு."

விசாரணைக்குக் கூப்பிடவில்லை. 2,695 பவுணையும் 50 பவுண் தண்டத்தையும் மாதம் 90 படி கழிக்கிறார்கள். அண்ணனின் கடை வேலையை விட்டுவிட்டான். அண்ணன் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார். நண்பன் முன்னைப்போல அடிக்கடி அழைப்பதில்லை. ஆனால் மாதா மாதம் மீதித் தொகை வரும் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறான், ஒரு சொல்லும் எழுதாமல். கடைசியாக வந்ததில் 2,295 என்றிருந்தது.