ஸ்டெராய்டு மாத்திரையோடு ஊருக்குப் போனால்: வீல்சேர் முதல் ரத்தப் பரிசோதனை வரை

எனக்குப் பாலிமயால்ஜியா ருமாட்டிக்கா. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிற அழற்சி நோய். விடியற்காலையில் இரண்டு தோளும் இடுப்பும் இறுகிப்போகும். புரண்டு படுக்கக்கூட யாராவது கை கொடுத்தால் தேவலை என்றிருக்கும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரையை 15 மி.கி.யில் ஆரம்பித்து, ஊருக்குக் கிளம்பும்போது 7.5 மி.கி.க்கு வந்திருந்தேன். வலி விட்டதா என்றால், பெரும்பகுதி விட்டது, மிச்சம் தங்கிவிட்டது. இந்த உடம்போடு போகிறவர்களுக்கு வழியிலும் ஊரிலும் என்ன சேவை எப்படிக் கிடைக்கிறது என்று சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீல்சேர். டிக்கெட் போடும்போதே கேட்டுவிட வேண்டும், கடைசி 48 மணி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். 'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் டபிள்யூ.சி.எச்.ஆர். என்று பதிந்துவிடுவார்கள். தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்று அதற்கு அர்த்தம். விமானம் கட்டிடத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றால் ஏணிப்படி ஏற வேண்டியிருக்கும். இடுப்பு இறுகியவர்களுக்கு அது ஆகாத காரியம். டபிள்யூ.சி.எச்.எஸ். என்று கேட்டு வாங்குங்கள், படியும் ஏற மாட்டார் என்பதற்கான குறியீடு அது. நான் அப்படித்தான் வாங்கினேன். இறங்கிய இடத்தில் வந்த பையன், "அவசரமே இல்லைம்மா, மெதுவா எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டு நின்றான். பல மணி நேரம் உட்கார்ந்து எழும்போது முதல் ஐந்து நிமிடம் உடம்பு நம் பேச்சைக் கேட்காது என்பது அவனுக்கு எப்படித் தெரியுமோ.

மாத்திரை முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. நேர வித்தியாசத்துக்கு என் மருத்துவர் சொன்னது இதுதான்: சில மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை, இறங்கியதும் அந்த ஊர்க் காலைக்கு மாறிக்கொள்ளுங்கள், ஒரு நாளும் விடக்கூடாது, இரண்டு நாள் அளவைச் சேர்த்தும் போடக்கூடாது. வாரக்கணக்கில் ஸ்டெராய்டு எடுத்தவர்களின் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டெராய்டான கார்டிசாலைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். பெட்டி தொலைந்து மாத்திரை நின்றால் வலி திரும்புவது ஒரு பக்கம். தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊரில் இறங்கி ஒரு வாரத்துக்குள் தோள் மறுபடி பிடித்துக்கொண்டது. தம்பி பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். காத்திருப்பே இல்லை. மருத்துவர் அன்பாகப் பேசினார், கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், "ஒரு ஊசி போட்டா ஓடிடும்மா" என்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. நானே சொன்னேன், தலையாட்டினார். ஊசி போட்ட பிறகு நர்ஸிடம் அந்தக் காலிக் குப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். டெக்ஸாமெத்தசோன், 8 மி.கி. அதுவும் ஒரு ஸ்டெராய்டுதான்.

சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் 5 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம். அந்தக் கணக்கில் 8 என்பது 50-க்கும் மேல். நான் காலையில் விழுங்குவதைப்போல் ஏழு மடங்கு. அன்று சாயங்காலம் கை தலைக்கு மேல் போனது, மாடிப்படி ஏறினேன், அத்தை வீட்டில் எல்லோரும் அந்த டாக்டரைக் கைராசிக்காரர் என்றார்கள். இரவு முழுக்கத் தூக்கமில்லை. இரண்டு நாள் கழித்து வலி அப்படியே வந்து உட்கார்ந்தது. ஸ்டெராய்டின் குணமே இதுதான். 1948-ல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்டிசோன் கொடுத்தபோது, முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது, தொடர்ந்தால் பக்கவிளைவு வருகிறது என்பதும் அந்தச் சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது.

அந்தக் கிளினிக்கில் பெயர் எழுதாத ஒரு பொட்டலமும் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் மாத்திரையைப் பார்த்து அடையாளம் சொன்னார், "இதுல ஒண்ணு டைக்ளோஃபெனாக் மாதிரி இருக்குக்கா, நீங்க ஸ்டெராய்டு சாப்பிடறீங்களே, வயிறு புண்ணாயிடும்." உண்மைதான். அந்த வகை வலி மாத்திரையும் ஸ்டெராய்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு ஏறுகிறது. என்னிடம் பிரெட்னிசலோன் தீரப்போவதாகச் சொன்னபோது அவரிடம் அதே மருந்து இல்லை, அதே வகையைச் சேர்ந்த மீதில்பிரெட்னிசலோன் இருந்தது. தானாக மாற்றிக் கொடுக்காமல், "4 மி.கி. இதுக்கு 5 மி.கி. அது கணக்கு, ஆனா டாக்டர் எழுதினா தர்றேன்" என்றார். மொத்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல மருத்துவம் பாதி அந்த மேசைக்குப் பின்னாலிருந்து வந்தது.

லேப் சேவையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள், மாலையில் முடிவு போனில். நான் வசிக்கிற இடத்தில் இதற்கு இரண்டு வாரம் ஆகும். வேகம் சரி, ஆனால் முடிவைப் படிக்கிறவருக்கு நாம் ஸ்டெராய்டில் இருப்பது தெரிய வேண்டும். வெள்ளை அணுக்கள் அதிகம் என்று சிவப்பில் வந்தது. ஸ்டெராய்டே வெள்ளை அணுவை ஏற்றும். ஆனால் குடும்ப நண்பரான மருத்துவர் போனிலேயே 'கிருமித் தொற்று' என்று ஆன்டிபயாட்டிக் பெயர் சொல்லிவிட்டார். காய்ச்சல் இல்லை, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. கொஞ்சம்தான் கூடியிருந்தது. (இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: நிஜமாகவே தொற்று வந்தால் ஸ்டெராய்டு காய்ச்சலை மறைக்கவும் கூடும். அதனால் 'காய்ச்சல் இல்லை' என்பதை மட்டும் நம்பியும் இருந்துவிடக்கூடாது.)

சர்க்கரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் எடுத்தது நார்மல், எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் பிரெட்னிசலோன் போட்டால் சர்க்கரை ஏறுவது மதியத்துக்கு மேல்தான். மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு தடவை வந்து எடுங்கள் என்று கேட்டேன். லேப் பையன், "யாரும் இப்படிக் கேக்கறதில்லை ஆன்ட்டி" என்றபடியே வந்தான். அது 212.

அந்தக் காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைசியில் ஒரு மூட்டுநோய் நிபுணரிடம் போனேன். நீண்ட காத்திருப்பு, கூட்டம், நாற்காலி தாழ்வு. ஆனால் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப எத்தனை மில்லிகிராம், எவ்வளவு நாளா?" இரண்டாவது, "தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் உண்டா?" இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடிய ரத்தக்குழாய் அழற்சி பார்வையையே பறித்துவிடும், அதற்கான கேள்வி. இல்லை என்றேன். அப்புறம் கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். வலியால் எழ முடியவில்லையா, ஸ்டெராய்டால் தொடைத் தசை இளைத்து எழ முடியவில்லையா என்று பிரித்துப் பார்ப்பதற்காம். எனக்கு இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

அளவை அவர் கூட்டவில்லை. பயணம் முடியும்வரை அதே 7.5, வலிக்குப் பாராசிட்டமால், தொடைக்குத் தினமும் பயிற்சி, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் தாமதிக்காமல் 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டெராய்டு ஊசி போட வேண்டும் என்று தன் லெட்டர்ஹெட்டில் பெரிய எழுத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அடுத்த 1 மி.கி. குறைப்பது, திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, சி.ஆர்.பி. பார்த்த பிறகு.