தெரிந்தே விட்டதும் தவறவிட்டதும்: மேல்முறையீட்டில் எது பிழைக்கும்?

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றம் ஒன்றில் தண்டனை விதிக்கும் நாள். குற்றவாளியின் பின்னணியையும் தண்டனைக் கணக்கையும் சொல்லும் அறிக்கை நீதிபதி முன் இருக்கிறது. "அறிக்கையில் ஆட்சேபணை உண்டா?" என்று நீதிபதி கேட்கிறார். ஒரு வழக்கில் வக்கீல் பிழையைக் கவனிக்காமல் சும்மா இருந்துவிடுகிறார். இன்னொன்றில், "அந்தப் பத்தியைக் கட்சிக்காரரோடு பேசிவிட்டோம், எதிர்க்கப் போவதில்லை" என்கிறார். அன்றைக்கு இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒரே தண்டனைதான். மேல்முறையீட்டுக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலாமவர் ஆட்சேபிக்கும் உரிமையைத் தவறவிட்டவர். இரண்டாமவர் தெரிந்தே விட்டுக்கொடுத்தவர். 1993-இல் ஒலானோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. விட்டுக்கொடுத்துவிட்டால், மேல் நீதிமன்றத்தின் கண்ணில் அங்கே பிழையே இல்லை. தவறவிட்டிருந்தால் குற்றவியல் நடைமுறை விதி 52(பி) கைகொடுக்கும். ஆனால் நான்கு படி ஏற வேண்டும்: பிழை நடந்திருக்க வேண்டும், அது பளிச்சென்று தெரிய வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரின் முக்கிய உரிமையைப் பாதித்திருக்க வேண்டும், விசாரணையின் நேர்மைக்கோ நற்பெயருக்கோ பெரிய கேடு செய்திருக்க வேண்டும்.

ஒலானோவே மூன்றாவது படியில் வழுக்கினார். யாராவது விலகினால் உதவ வைத்திருந்த, வெளியே போயிருக்க வேண்டிய மாற்று ஜூரிகள் இருவர், முடிவு சொல்லும் 12 ஜூரிகளோடு ஆலோசனை அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பிழைதான். ஆனால் அதனால் பாதிப்பு வந்ததென்று காட்ட முடியவில்லை.

2018-இல் ரோசாலெஸ்-மிரெலெஸ் வழக்கு வேறு மாதிரி முடிந்தது. ஒரே பழைய தண்டனையை அறிக்கையில் இரண்டு முறை எண்ணிவிட்டார்கள். அதனால் 70 முதல் 87 மாதம் என்று இருக்க வேண்டிய பரிந்துரைத் தண்டனை வரம்பு 77 முதல் 96 ஆனது. விதித்தது 78 மாதம். வக்கீல் ஆட்சேபிக்கவே இல்லை. கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்காவது படியில் தடுத்தது. கூட்டல் தவறுக்காக ஒருவர் கூடுதல் காலம் சிறையில் இருப்பதா என்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அதே வக்கீல் அந்தக் கணக்கைப் பார்த்துத் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால், இந்தக் கதவு திறந்திருக்காது.

சிக்கல் நடுவில் இருக்கிறது. பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வரும் "ஆட்சேபணை இல்லை" எதில் சேரும்? அப்படிச் சொன்னதில் வக்கீலுக்கு ஏதாவது வியூகம் இருந்திருக்க முடியுமா என்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஏழாவது சர்க்கியூட் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் பார்த்திருக்கிறது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தனக்கு இருப்பதே தெரியாத உரிமையை ஒருவர் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? சிறைக்குப் போவது வக்கீல் அல்ல, கட்சிக்காரர்.

அப்புறம், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் மேல்முறையீடே வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவது. விட்டுக்கொடுத்தலில் இதைவிடப் பெரிது இல்லை. அதுகூட எல்லாவற்றையும் அடைத்துவிடாது. அப்படிக் கையெழுத்திட்ட கார்ஸா என்பவர், பிறகு மேல்முறையீடு செய்யச் சொன்னார், வக்கீல் மறுத்துவிட்டார். 2019-இல் உச்ச நீதிமன்றம் கார்ஸா பக்கம் நின்றது: கட்சிக்காரர் கேட்டால் மேல்முறையீட்டு அறிவிப்பை வக்கீல் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.