படிவமா, திண்ணையா?

நெல்லைப் பக்கம் தாய்சேய் நலத்தை ஆய்வு செய்ய வரும் முதுகலை மாணவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அரசுக் கணக்கெடுப்பை எடுத்து அலசினால் போதுமா? வீடுவீடாகப் படிவம் நிரப்பவா? இல்லை, பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கே திரும்பத் திரும்பப் போகவா?

தேசியக் குடும்ப நல ஆய்வு 1992-93 முதல் நடக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 25 சதவீதம், இந்திய அளவில் 35.5. நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க இது வேண்டும். ஆனால் அந்தச் சுற்று 2017 மார்ச்சில் இருந்த மாவட்ட எல்லைப்படி எடுத்தது. தென்காசி பிரிந்ததோ 2019 நவம்பரில். அதனால் 'திருநெல்வேலி' என்ற ஒரே எண்ணுக்குள் மேலப்பாளையமும் செங்கோட்டையும் ராதாபுரமும் சேர்ந்தே கிடக்கின்றன. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளையை அதில் தனியாகத் தேட முடியாது.

சரி, படிவம். ஒரு மாதத்தில் இருநூறு வீடு முடித்துவிடலாம், அட்டவணை அழகாக வரும். முக்கூடல் பக்கம் ஒரு வீட்டில் மாணவியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவின் மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். கால் பெருவிரலில் கட்டிய கயிறு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"வேலைக்குப் போறீங்களாக்கா?"

"இல்லம்மா, சும்மா வீட்லதான் இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு பீடியைச் சுற்றி, முனை மடக்கி, நூல் கட்டிவிட்டார். படிவத்தில் 'இல்லத்தரசி' என்று டிக் விழுந்தது. அந்தப் பிள்ளை மூச்சோடு இழுக்கும் புகையிலைத் தூளுக்கு அதில் கட்டமே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

திரும்பத் திரும்பப் போவது வேறு மாதிரி. வேலூரில் பிறப்பிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில், களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள். வயிற்றுப்போக்கு எத்தனை நாள் இருந்தது என்பதை மாதம் கழித்துக் கேட்டால் எந்தத் தாய்க்கு ஞாபகம் இருக்கும்? சாப்பாடும் அப்படித்தான். கூலி வாங்கிய மறுநாள் மீன்குழம்பு, அதற்கு முந்தின நாள் காப்பியும் ரொட்டியும். ஒரே ஒரு நாள் போனால் இரண்டில் ஒன்றுதான் கண்ணில் படும்.

இதிலும் குறை உண்டு. பன்னிரண்டு வீட்டை வைத்துச் சதவீதம் பேச முடியாது. பழகப் பழக, "பிள்ளைக்குச் சளி, என்ன கொடுக்கலாம்?" என்று நம்மிடமே கேட்பார்கள், கிராம செவிலியரிடம் கூட்டிப்போக வேண்டியதும் நம் பொறுப்பாகிவிடும். பக்கத்து வீட்டு மதினி வந்து உட்கார்ந்தால் சில கேள்விகளை அன்றைக்கு விட்டுவிடத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆறு மாதம் கையில் இருப்பவர் முதல் இரண்டு மாதம் திண்ணையில் உட்காரட்டும். அப்புறம் படிவம் எழுதட்டும். அந்த மாணவி அப்படித்தான் செய்தாள். புதிய படிவத்தில் 'வேலைக்குப் போகிறீர்களா' என்பதை அடித்துவிட்டு, 'ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுகிறீர்கள், அப்போது பிள்ளை எங்கே இருக்கும்?' என்று எழுதினாள்.