வேர்முடிச்சு நூற்புழு: பல பருவம் மோதியதில் எது கைகொடுத்தது

வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழுதான் வேர்முடிச்சு நூற்புழு. அது ஒரு தடவை மண்ணில் குடியேறிவிட்டால் முழுசாக ஒழிக்க முடியாது. பல வருஷமாகத் தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஆனால் அடக்கி வைத்து நல்ல மகசூல் எடுக்கலாம். எது வேலை செய்தது, எது பேருக்கு மட்டும் என்பதை எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: காய்ப்பு முடிந்து செடியை எடுக்கும்போது வேர் எப்படி இருக்கிறது? இலையைப் பார்த்து எதையும் எடைபோடாதீர்கள். நன்றாக உரம் போட்ட செடி, வேர் பாதி கெட்ட பிறகும் கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும்.

தண்ணீர் பாய்ச்சியும் உச்சிவெயிலில் செடி துவண்டு சாயங்காலம் நிமிர்கிறதா? அதுவும் திட்டுத் திட்டாகவா? அப்படியானால் ஒரு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுத்து வேரை அலசிப் பாருங்கள். கையால் இழுத்தால் சல்லிவேர் மண்ணிலேயே தங்கிவிடும், பார்க்க வேண்டியதே அதைத்தான். பயறு, அவரை வகைகளில் ஒரு குழப்பம் வரும். ரைசோபியம் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும், நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், தள்ளினால் வேர்தான் அறும். முற்றிய முடிச்சு ஒன்றை பிளேடால் மெல்லச் சீவி லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஊசிமுனை அளவில் முத்து மாதிரி வெள்ளையாகப் பெண் புழு தெரியும். வேரின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புப் பிசின் துளி அதன் முட்டைக் கூடு. ஒரு துளியில் சில நூறு முட்டைகள். மண் 25 முதல் 28 டிகிரி சூட்டில் இருந்தால், சுமார் ஒரு மாதத்தில் அந்த முட்டையிலிருந்து வந்த புழு தானும் முட்டையிடத் தொடங்கிவிடும். நாலு மாதப் பயிருக்குள் மூன்று தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேருக்குள் புகுந்து உட்கார்ந்த புழுவை, மண்ணில் ஊற்றுகிற பெரும்பாலான சரக்கு தொடவே தொடாது. அதனால் எதைச் செய்தாலும் நடவுக்கு முன்பே செய்ய வேண்டும்.

எனக்குக் கண்ணுக்குத் தெரிகிற பலன் தந்தது, கோடையில் ஈரமண்ணை பாலித்தீன் தாளால் மூடி வேகவைப்பது. தாள் கறுப்பாக இருக்கக்கூடாது, வெயில் உள்ளே இறங்குகிற மாதிரி கண்ணாடித் தாளாக இருக்க வேண்டும். மூடும் முன் நன்றாகத் தண்ணீர் விட வேண்டும், காய்ந்த மண்ணில் சூடு ஆழம் இறங்காது. ஓரத்தை மண் போட்டு அடைத்து 4 முதல் 6 வாரம் அப்படியே விட வேண்டும். மேல்மண்ணில் இருப்பவை சாகும், ஆழத்தில் இருப்பவை தப்பிக்கும். அதனால் மூடி எடுத்த பாத்தியில் முதல் பயிரின் வேர் சுத்தமாக வந்தது, அடுத்த பயிரில் முடிச்சு திரும்பத் தலைகாட்டியது. அதுவும் பாத்தியின் ஓரச் செடிகளில்தான் முதலில். ஓரத்தில் சூடு குறைவு என்பதுதான் காரணம். தாளை பாத்திக்கு வெளியேயும் நீட்டிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

செண்டுமல்லி பற்றி எல்லோரும் சொல்வார்கள், பாதி பேர் சொல்கிற விதம் சரியில்லை. ஓரத்தில் ஒரு வரிசை நட்டால் பூ கிடைக்கும், அவ்வளவுதான். அதன் உயிருள்ள வேருக்குள் நுழைகிற புழுவைத்தான் அங்கிருக்கும் ஆல்பா டெர்தியனைல் என்ற பொருள் தாக்குகிறது. எனவே பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வேறு எதுவும் இல்லாமல் விட வேண்டும். நடுவில் மணத்தக்காளியோ கீரையோ தானாக முளைத்தால் உடனே பிடுங்குங்கள், புழு அதில் குடும்பம் நடத்தும். பூவை விற்க முடிகிறவர்களுக்கு இது அருமையான வழி. மற்றவர்களுக்கு சணப்பு போதும், மடக்கி உழுதால் மண்ணுக்கும் நல்லது.

வேப்பம்புண்ணாக்கு எனக்குப் பிடித்த பொருள், ஆனால் தனியாகப் போட்டு அதிசயம் எதிர்பார்க்க முடியாது. தொழுவுரத்தோடு கலந்து, பர்பியூரியோசிலியம் லிலாசினம் பூஞ்சணத்தையும் சேர்த்து ஈரப்பதத்தில் சில நாள் நிழலில் வைத்துவிட்டுப் போட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இந்தப் பூஞ்சணம் முட்டையைத் தின்கிறது. உடனே எதுவும் தெரியாது, பருவம் பருவமாக விடாமல் போட்டு வந்தால் முடிச்சு சின்னதாகிக்கொண்டே வரும். இடையில் வேரழுகலுக்கு என்று பூஞ்சணக் கொல்லியை வேரில் ஊற்றினால் இதுவும் சேர்ந்து சாகும், ஜாக்கிரதை.

ரசாயனத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு, அதற்கு வரலாறே காரணம். டிபிசிபி என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த அமெரிக்கத் தொழிலாளிகளுக்கு மலட்டுத்தன்மை வந்தது 1977-இல் வெளிப்பட்டது. மண்ணில் புகையூட்டப் பயன்பட்ட மீதைல் புரோமைடு வாயு ஓசோனைக் கெடுத்ததால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் படிப்படியாக நிறுத்தப்பட்டது. இப்போது வருகிற ஃபுளூபைரம் என்ற நூற்புழு மருந்து அந்த வகையில்லை. நடவின்போது ஊற்றியதில் இளம் வேர் சுத்தமாக இருந்தது உண்மை. ஆனால் பயிரின் பின்பாதியில் முடிச்சு வந்தது. ரொம்பக் கெட்டுப்போன நிலத்துக்கு ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இருக்க முடியாது.

எதிர்ப்பு ரகத் தக்காளி வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் கொண்டுவந்த எம்ஐ (Mi) என்ற எதிர்ப்பு மரபணுதான் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. மண் சூடு 28 டிகிரி தாண்டினால் அது சரியாக வேலை செய்யாது. குளிர்ந்த பருவத்தில் அசத்துகிற ரகம் கோடையில் முடிச்சோடு நிற்பது இதனால்தான். கத்தரிக்கு சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று எனக்கு நன்றாகவே தாக்குப்பிடித்தது.

இத்தனையும் செய்துவிட்டு நாற்றில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். ஒரு முறை வெளியில் வாங்கிய நாற்றைப் பிரித்தபோதே வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருந்தது. கேட்டதற்கு, நட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகாது! அன்றிலிருந்து குழித்தட்டில், தேங்காய்நார்க் கழிவில் நானே நாற்று விடுகிறேன். வாங்குவதாக இருந்தால் இரண்டு மூன்று நாற்றை உருவி வேரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், அறுவடை முடிந்த செடியை அப்படியே மடக்கி உழாதீர்கள். வேரோடு தோண்டி எடுத்து வெளியே காயவைத்துக் கொளுத்திவிடுங்கள், அடுத்த பருவத்துக்கான முட்டையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நான் அப்படி எடுக்கும்போதே ஒவ்வொரு பாத்திக்கும் 0 (முடிச்சே இல்லை) முதல் 5 (வேர் முழுக்க முடிச்சு) வரை மதிப்பெண் போட்டு எழுதி வைக்கிறேன். 3 அல்லது அதற்கு மேல் போன பாத்திக்குக் கோடையில் தாள், 1 அல்லது 2 என்றால் செண்டுமல்லியோ சணப்போ, 0 என்றால் புண்ணாக்குக் கலவை மட்டும். மண்வெட்டியைக் கழுவாமல் 4 வாங்கிய பாத்தியிலிருந்து 0 வாங்கிய பாத்திக்குப் போவதில்லை.