கூரையை வாங்குங்கோ, சுவரை எறியுங்கோ: கஞ்சாச் செடிக்கு ஒரு மழைக்கூடாரம்

10 அடிக்கு 10 அடி. இரும்புக் குழாய்ச் சட்டம், வலை பின்னிய வெளிச்சம் புகும் பிளாஸ்ரிக் கூரை, நாலு பக்கமும் சுருட்டி ஏற்றக்கூடிய சுவர்கள், நிலத்தில் அறைய ஒரு பை நிறையக் கம்பி முளைகள். நான் வாங்கினபோது விலை 180 டொலருக்குக் கொஞ்சம் கூட. இணையத்தில் தேடினால் இதே சாமான் நாலைந்து பெயரில் வரும், பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயர்தான் வேறு. அதனால் பெயர் எழுதவில்லை, படத்தைப் பார்த்தாலே பிடிபடும். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை போடுகிறேன். கூரைக்கு ஐந்து, சுவருக்கு ஒன்று, முளைக்குப் பூச்சியம். கூட்டிக் கழித்தால் மூன்றரை வராதுதான், ஆனால் காசு கொடுத்தது கூரைக்கு.

இது தக்காளிக்கு வாங்கினதில்லை, கஞ்சாப் பூவைப் பூஞ்சணத்திலிருந்து காக்க வாங்கினது. மனுசிக்கு முடக்குவாதம். கைவிரல் மூட்டெல்லாம் காலையில் பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். வைத்தியர் நாளொன்றுக்கு 2 கிராம் என்று மருத்துவக் கஞ்சாவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவவால் மண் கிண்ட முடியாது, ஆகவே கனடாவின் மத்திய சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவில் அவவுக்காக வளர்ப்பவர் என்று என் பெயரைப் பதிந்திருக்கிறோம். நாளுக்கு 2 கிராமென்றால் வீட்டுக்குள்ளே 10 செடி, வெளியிலே 4 செடி. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் வளர்க்கக்கூடாது. வெளியிலே வைப்பதென்றால் வளவு எல்லை பள்ளிக்கூடத்தோடோ பிள்ளைகள் விளையாடும் பொதுத் திடலோடோ ஒட்டியிருக்கக்கூடாது. 2018 ஒக்ரோபர் 17இல் வந்த 'ஒரு வீட்டுக்கு 4 செடி' சட்டம் வேறு, இது வேறு. கனபேர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள்.

பூஞ்சணத்தைப் பற்றி நான் இவ்வளவு அலட்டிக்கொள்வதற்குக் காரணம் விளைச்சல் இல்லை. மனுசி மெதோட்ரெக்சேற் எடுக்கிறா, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற மருந்து. எதிர்ப்புச் சக்தி குறைந்த ஆட்களுக்குக் கஞ்சாவிலுள்ள அஸ்பர்ஜில்லஸ் போன்ற பங்கசுகள் (பூஞ்சணங்கள்) நுரையீரலில் தொற்றிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. "பழுதான துண்டை வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதைக்கு இடமில்லை. நாங்கள் பூவை எண்ணெயாக்கித் துளிக்கணக்கில்தான் பாவிக்கிறோம், புகைக்கிறதில்லை. ஆனால் எண்ணெய்க்காகச் சூடாக்குவதால் பங்கசு விட்டுவிட்டுப் போகிற நஞ்செல்லாம் அழிந்துவிடும் என்று நம்ப ஏலாது.

இனி நாங்கள் இருக்கிற ஸ்காபரோவின் (ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம்) காலநிலை. மே மாதம் விக்ரோரியா நாள் விடுமுறையை ஒட்டிச் செடியை வெளியே வைப்போம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் பகல் போதியளவு சுருங்கினதும் பூ வரும். பூ முற்றுவது செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடுவரை. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்ராறியோ வாவிப் பக்கத்துக் காற்று ஈரத்தோடு வரும், இரவு குளிரும், விடியப் புல்லெல்லாம் பனி. ஸ்ட்ரோபெரிக்கும் முந்திரிகைக்கும் (திராட்சை) வருகிற அதே சாம்பல் பூஞ்சணம், பொட்ரைற்றிஸ் சினேரியா, கஞ்சாப் பூவையும் விடாது. கொழுத்த பூவுக்குத்தான் முதலில் வரும். காற்றுப் புகாத நடுவில் ஈரம் நின்றால் அதற்கு வேறொன்றும் தேவையில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூங்கொத்து முழுக்கப் பச்சையாய் இருக்கும், நடுவிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி வாடியிருக்கும். அதை இரண்டு விரலால் மெல்ல இழுங்கள். நல்ல இலையென்றால் தண்டோடு மல்லுக்கட்டும். பழுதானதென்றால் சோற்றிலிருந்து கறிவேப்பிலை வருகிறமாதிரிச் சும்மா கையோடு வரும். பூவை விரித்தால் உள்ளே தண்டு கபிலநிறமாய்க் குழைந்து, சுற்றிவரச் சாம்பல் தூள். அந்தத் தூள்தான் வித்தி, பூஞ்சணம் பரவுகிற விதை மாதிரி. உதறவேண்டாம். முதலில் ஒரு பையைப் பூவின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கீழே வெட்டுங்கள், பிறகு கத்தரிக்கோலை அற்ககோலால் துடையுங்கள். பக்கத்தில் தண்டில் சின்னத் துளையும் மரத்தூள் மாதிரி எச்சமும் இருந்தால் சோளத்தண்டுப் புழு வேலை. புழு போன வழியால்தான் கனதரம் பூஞ்சணமும் போகும்.

இந்தக் கூடாரத்தின் கூரை செய்கிற வேலையை எந்தப் போத்தல் மருந்தும் செய்யாது. பொட்ரைற்றிசுக்கு வேண்டியது பூவின்மேல் மணிக்கணக்காக நிற்கிற தண்ணீர். கூரை அந்தத் தண்ணீரையே மறிக்கிறது. மழையை மறிக்கும் என்பது தெரிந்ததுதான், பனியையும் குறைக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பனி மேலிருந்து விழுகிற சாமானில்லை. தெளிந்த இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அந்த இலையில் காற்றின் ஈரம் நீராய்ப் படியும். மேலே ஒரு மறைப்பு இருந்தால் அந்தச் சூட்டு இழப்பில் ஒரு பகுதி மறிபடும். செப்ரெம்பரில் விடிய எழும்பிப் போனால் காரின் கண்ணாடியில் தண்ணீர் வழியும், கூரைக்குக் கீழே பூவைத் தொட்டால் விரல் நனையாது.

ஒரு குறை உண்டு. பனி இலையை விட்டுவிட்டுக் கூரைப் படங்கின் உட்பக்கத்தில் பிடிக்கிறது. அது நடுக் குறுக்குக் குழாயில் சேர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒரே கோட்டில் கீழே விழும். கீழே செடி நின்றால் அந்தக் கோட்டிலுள்ள பூவெல்லாம் நனையும். குழாயின் அடியில் ஒரு பருத்திக் கயிற்றை நீட்டுக்குக் கட்டி, இரு நுனியையும் வெளிப்பக்கம் தொங்கவிட்டேன். குழாயின் ஒரு பக்கத்தையும் கொஞ்சம் பதித்துவிட்டேன். இப்போது தண்ணீர் கயிற்றில் இறங்கிப் புல்லுக்குப் போகிறது. தயாரித்தவர்கள் இதை யோசித்திருக்கலாம்.

சுவர்களைப் பற்றிக் கைநூலில் 'இரவில் மூடவும்' என்று போட்டிருக்கிறார்கள். கத்தரி நாற்றுக்குச் சரி. பூத்த கஞ்சாவுக்கு அது சவப்பெட்டி. செடியும் மண்ணும் விடுகிற ஆவி போக வழியில்லை. ஈரமானியைத் தொங்கவிட்டு நாலு சுவரையும் இறக்கிப் பார்த்தேன், விடியுமுன்னர் நூறு வீதத்தை முட்டிக்கொண்டு நின்றது. சுவரைக் கழற்றினால் உள்ளும் வெளியும் ஒன்றுதான். ஆகையால் சுவர்கள் கராச்சில் மடித்துக் கிடக்கின்றன, பனி தள்ளும் மெசினை மூட உதவும்.

முளைகள் ஊசி மாதிரி. ஸ்காபரோக் களிமண்ணில் மழைக்குப் பிறகு கையாலே பிடுங்கலாம். சுவரில்லாத கூரை காற்றுக்குப் பாய்மரம். நாலு காலையும் மணல் நிரப்பிய வாளிகளோடு கட்டியிருக்கிறேன். இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி 4 செடிக்கு இருந்தாலும் இதற்குள் 3தான் வைக்கிறேன். வெளிச் செடி நல்ல சேதனப் பசளையில் நின்றால் ஆளுயரம் தாண்டும். மாட்டெரு, புழு உரம், வேப்பம்பிண்ணாக்கு, கூட்டெரு இவைதான் என் மண்ணுக்கு. நாலாவது செடியை நுழைத்தால் கிளைகள் கோத்துக்கொண்டு காற்று நின்றுவிடும், பிறகு கூரை போட்ட பலன் என்ன? அடிக்கிளையும் உள்ளே வெளிச்சம் காணாத இலையும் ஜூலைக்குள் போய்விட வேண்டும். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும்.

கூரையால் தடுக்க முடியாத ஒன்று வெண்சாம்பல் நோய். இலைமேல் மாப் பூசினமாதிரி வருமே, அது. அதற்கு இலையில் தண்ணீர் நிற்கவேண்டிய தேவையே இல்லை, நிழலும் நெருக்கமும் போதும். முதல் பொட்டு கண்டவுடன், பூ வருமுன், பொட்டாசியம் பைகாபனேற் மருந்து உதவும். வாங்கும்போது போத்தலில் பீசிபி (கனடாவின் பூச்சிமருந்துச் சட்டப்படியான) பதிவு எண் இருக்கிறதா, கஞ்சாவுக்குப் பாவிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கடையில் தம்பி ஒருவர் "முழுக்க இயற்கை, அங்கிள்" என்று ஒரு போத்தலைத் தந்தார். திருப்பிப் பார்த்தால் எண்ணும் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்றும் இல்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். எங்கள் ஆட்கள் உடனே வேப்பெண்ணெய் என்பார்கள். ஊரில் சரி, இங்கே அது பூச்சிமருந்தாகப் பதிவாகவில்லை. பிண்ணாக்கு மண்ணுக்குப் போகட்டும், எண்ணெயைப் பூவில் தெளித்தால் அது மருந்தெண்ணெய்க்குள்ளேதான் வந்து சேரும்.

வெட்டின பிறகும் பயம் தீராது. அப்பா இணுவிலில் புகையிலை போட்டவர், காயாத இலையை அடுக்கினால் என்ன மணம் வரும் என்று என் மூக்குக்குத் தெரியும். நிலக்கீழ் அறையில் ஈரமுறிஞ்சியை வைத்து, 18 பாகை செல்சியசுக்குக் கிட்ட, ஈரம் 55க்கும் 60 வீதத்துக்கும் இடையில், காற்றாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டுத் தொங்கவிடுகிறேன். சின்னத் தண்டு வளையாமல் முறிந்தால்தான் போத்தலுக்குள். மலிவு ஈரமானிகளை நம்பாதையுங்கோ. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பை ஈரச் சேறாக்கி, மானியோடு சேர்த்து ஒரு பையில் இறுக்கி ஒரு நாள் வையுங்கள், 75 காட்ட வேண்டும். என்னிடமுள்ள ஒன்று 68 காட்டுகிறது. அதன்மேலேயே '7 கூட்டு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வெளிச்சம் புகும் கூரை என்பதால் மறைப்புக் கிடையாது. மூன்று பக்கமும் உயர வேலியும் பூட்டும் இருந்தபடியால் தப்பினேன். பின்வீட்டு அக்கா மாடி யன்னலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, மரவள்ளி கனடாவிலை உப்பிடி வருமே?" என்று கேட்டா. செப்ரெம்பரில் மணம் கிளம்பின பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

கடைசியாகப் படங்கு. வெயிலில் அது பழுப்பேறுகிறது, மடிப்புக் கோடுகளில் வெடிப்பும் தெரிகிறது. தனியாகக் கூரைப் படங்கு மட்டும் விற்பீர்களா என்று எழுதிக் கேட்டேன், முழுத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டுமாம். பசுங்கூடங்களுக்குப் போடுகிற 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புப் பிளாஸ்ரிக் தாள், புற ஊதாக் கதிர் தாங்குகிறது, சுருளாக வாங்கலாம். சட்டம் நல்ல உறுதி, அதை வைத்துக்கொண்டு அடுத்த மே மாதம் அந்தத் தாளை வெட்டிப் போடப்போகிறேன். நீங்கள் வாங்கினால் பனி கொட்டுமுன் கூரையைக் கழற்றிவிடுங்கள், அந்தக் குறுக்குக் குழாய் பாரம் தாங்காது.