வண்டலூர் தந்த இரண்டு: ஹெரால்டா, ஸ்டாண்டர்டு 2000-ஆ?

பழைய கார் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் சென்னையில் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வண்டிகள் உண்டு. இரண்டுமே வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவானவை. ஒன்று 1961-இல் வந்த ஹெரால்டு. இன்னொன்று 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000.

என் ஓட்டு ஹெரால்டுக்குத்தான். காரணம் பானெட்டிலேயே இருக்கிறது. மயிலாப்பூரில் பெரியப்பா ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விடுவித்துத் தூக்கினால் பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் ஒரே துண்டாக முன்னால் சாயும். பெரியப்பா முன் டயர் மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நிதானமாக பிளக்கைக் கழற்றித் துடைப்பார். 948 சிசி இன்ஜின் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 25 அடி இடம் கிடைத்தால் போதும், வண்டி முழு வட்டம் அடித்துவிடும். மாடவீதிப் பக்கத்துச் சந்துகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி, அதன் மேல் பாடி பல பாகங்களாக போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பெசன்ட் நகர் உப்புக் காற்றில் ஒரு பாகம் துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். ஸ்டாண்டர்டு 2000-இல் பாடியே சேஸிஸ் என்பதால், துரு ஏறினால் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியதுதான். ஹெரால்டின் குறை பின் ஆக்ஸில். வேகமாக வளைத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு அது தொந்தரவில்லை.

சரி, அழகு? அங்கே 2000 ஜெயிக்கிறது. 1977-இல் ஐரோப்பாவில் ஆண்டின் சிறந்த கார் என்று தேர்வான, இங்கிலாந்துக்காரர்களின் ரோவர் எஸ்டி1-தான் அது. ஃபெராரி டேடோனா ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து ரோவர் டிசைனர் டேவிட் பாச்சே வரைந்த முகம், இன்று தெருவில் நின்றாலும் திரும்பிப் பார்க்க வைக்கும். மீட்டர்கள் எல்லாம் டேஷ்போர்டு மேல் தனிப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இங்கிலாந்தில் 3.5 லிட்டர் வி8 இருந்த இடத்தில், இங்கே பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் வழி வந்த 1991 சிசி இன்ஜினை வைத்தார்கள். ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதும் அந்தக் குடும்பத்து இன்ஜின்தான். ஆக, 1985 வண்டியின் இன்ஜின் பரம்பரை 1961 வண்டியினுடையதைவிடப் பழையது. விலை அதிகம், பெட்ரோலையும் குடித்தது. 1983-லேயே மாருதி 800 வந்துவிட்டிருந்தது. சில வருடங்களில் 2000 நின்றுபோனது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

ஹெரால்டு பார்க்கப் போனால் முதலில் அடியில் குனிந்து சேஸிஸைப் பாருங்கள். அப்புறம் முன்சக்கரத்து டிரன்னியனுக்கு (சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) என்ன போடுகிறார் என்று ஓனரிடம் கேளுங்கள். "கிரீஸ்" என்றால் அதைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். அதற்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும்.