எஃப்டிபி சோதனைகளும் பவர் மீட்டரும்: நீண்ட நாள் பயன்பாட்டில் என் அனுபவம்

சைக்கிள் பயிற்சிக்குப் பவர் மீட்டர் (பெடலில் கொடுக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி) பயன்படுத்தத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு இதயத் துடிப்பைப் பார்த்துத்தான் ஓட்டினேன். வெப்பம், தூக்கக் குறைவு, காபி என்று எது வந்தாலும் துடிப்பு மாறும். முடுக்கி ஓட்டினால் அது ஏறவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட் அப்படியில்லை, பெடலை அழுத்தியதும் திரையில் வந்துவிடும். ஆனால் 200 வாட் எனக்கு லேசா, கடினமா என்று அந்தத் திரை சொல்லாது. அதற்குத்தான் எஃப்டிபி (Functional Threshold Power) வேண்டும். தளராமல் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி என்று அதைச் சொல்லலாம்.

முதலில் பழகியது ராம்ப் டெஸ்ட். நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறிக்கொண்டே போகும், முடியாதபோது நிறுத்திவிடலாம். கடைசியில் எட்டிய ஒரு நிமிட சக்தியில் 75 சதவீதம்தான் எஃப்டிபி. எனக்கு 320 வாட் வந்தது, அதாவது எஃப்டிபி 240. சீக்கிரம் முடிந்துவிடும், வேகத்தைத் திட்டமிட வேண்டியதில்லை, புதிதாக வருபவர்களுக்கு நல்லது. ஆனால் குறுகிய நேர வெடிப்புச் சக்தி அதிகம் உள்ளவர்களுக்கு இது கூட்டியே காட்டும். நானும் அந்த ரகம்தான்.

அதனால் 20 நிமிடச் சோதனைக்கு மாறினேன். பவர் மீட்டர் பயிற்சி பற்றிப் புத்தகம் எழுதிய ஹண்டர் ஆலனும் ஆண்ட்ரூ காகனும் பரப்பிய முறையில், 20 நிமிடத்துக்கு முன் 5 நிமிடம் முழு மூச்சாக ஓட்ட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான். அந்த 5 நிமிடம் வெடிப்புச் சக்தியைக் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. அப்புறம் வரும் 20 நிமிடச் சராசரியை 0.95-ஆல் பெருக்கினால்தான் அர்த்தம். எனக்கு 240 வாட் சராசரி, எஃப்டிபி 228. சந்தேகத்துக்கு 3 நிமிடம், 12 நிமிடம் என இரண்டு முழு முயற்சிகளை வைத்துக் கிரிட்டிகல் பவரும் (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தியின் மேல் எல்லை) கணக்கிட்டேன். 310 வாட், 250 வாட் வந்தன. செய்த வேலையின் வித்தியாசத்தை நேர வித்தியாசமான 540 வினாடியால் வகுத்தால் 230 வாட். 228-உம் 230-உம் ஏறக்குறைய ஒன்றே.

240-க்கும் 228-க்கும் இடையிலுள்ள 12 வாட் சின்ன விஷயமில்லை. பயிற்சியின் கடினத்தை எஃப்டிபியின் சதவீதமாகப் பிரிக்கும் காகன் நிலைகளில் நான்காவதான திரெஷோல்ட், எஃப்டிபியில் 91 முதல் 105 சதவீதம் வரை. 228-ஐ வைத்தால் 207 முதல் 239 வரை. ராம்ப் எண்ணில் 100 சதவீதம் என்று 240-இல் இரண்டு 20 நிமிடம் ஓட்டப் போனால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவோம், இரண்டாவதை முடிக்கவே முடியாது. 228-ஐ வைத்து நிலைகளை அமைத்த பிறகு அதே பயிற்சியை முழுதாக முடிக்கிறேன், மறுநாளும் கால் கேட்டபடி ஓடுகிறது. ஒரு சோதனையின் எண் சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழியும் இதுதான்: திரெஷோல்ட் பயிற்சியை இறுதிவரை சீராக முடிக்க முடிகிறதா?

இரண்டாம் நிலையான எண்டியூரன்ஸ் (56 முதல் 75 சதவீதம்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்ட முடிந்தால் சரி. எஃப்டிபி நாலைந்து வாட் தவறினாலும் இங்கே பெரிதாக எதுவும் கெடாது.

மீட்டரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் ஜீரோ ஆஃப்செட் (பெடலில் அழுத்தம் இல்லாதபோது மீட்டரைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்வது) செய்துவிடுங்கள். வெயிலில் இருந்த சைக்கிளை அறைக்குள் கொண்டுவந்தவுடன் செய்யாமல், வெப்பநிலை சீராகும்வரை காத்திருங்கள். இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டர் என்றால், இரு கால்களின் பலம் வேறுபடும்போது அந்தப் பிழையும் இரட்டிப்பாகும். பயிற்சியை ஒப்பிட அதுவே போதும், மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

வீட்டுக்குள் டிரெயினரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் கருவி) எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வருகிறது. பெரிய மின்விசிறியை முன்னால் வைத்ததும் அந்த இடைவெளி நன்றாகவே குறைந்தது, ஆனால் மறையவில்லை. அதனால் உள்ளே ஒரு எஃப்டிபி, வெளியே ஒரு எஃப்டிபி என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, முந்தைய நாள் லேசாக மட்டும் ஓட்டிவிட்டு, இரண்டையும் அதே 20 நிமிட முறையில்தான் சோதிக்கிறேன்.